ஏழு தட்டுச் சீர்

மாமா,

இன்று காலை பீரோவைத் திறந்தபோது அந்துருண்டை வாசனையோடு அந்த அரக்குப் பட்டுச்சேலை கையில் வந்தது. நான் வயதுக்கு வந்ததும் கட்ட வேண்டும் என்று என் பதின்மூன்றாம் வயதிலேயே நீங்கள் எடுத்து வைத்தது. திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் அம்மாவைத் தனியே அழைத்து, "என்னத்தா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்பீர்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் எனக்கு உங்கள்மேல் அப்படிக் கோபம் வரும்.

பதினேழு முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள்தான் என்னைத் தஞ்சாவூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனீர்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து டாக்டரம்மா காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு விளக்கினார். என் உடம்பில் ஆண் ஹார்மோன் சுரக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு செல்லின் உட்கருவுக்குள் போய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்று சொல்ல ஏற்பி என்றொரு புரதம் வேண்டும். அந்த ஏற்பிக்கான மரபணுவே எனக்குப் பழுது. ஹார்மோன் வந்து வந்து பார்க்கிறது, செல்கள் கண்டுகொள்வதில்லை. அதனால் குரோமோசோம் ஆணுக்குரியதாக இருந்தும் உடம்பு பெண்ணாகவே வளர்ந்துவிட்டது. கர்ப்பப்பை கிடையாது. மாதவிலக்கு வரவே வராது.

நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "அப்ப இவ எங்க வீட்டுப் பொண்ணுதானங்க? அதுல மாத்தம் ஒண்ணும் இல்லையே?"

"அதுல என்னங்க மாற்றம்!" என்றார் டாக்டரம்மா.

"பெறகென்ன? எந்திரி ஆத்தா, பஸ்ஸு போயிரும்."

அடுத்த மாதமே உங்கள் ஊர் அரிமளத்திலிருந்து ஏழு தட்டுச் சீரோடு வந்து இறங்கினீர்கள். வெடி வேறு. தெருவே கூடிவிட்டது. அப்பாவின் பங்காளி ஒருவர், "பொண்ணு இன்னும் வயசுக்கே வரலையாமே, என்ன சீரு இது?" என்று இழுத்தார்.

"எம் மருமகளுக்குச் சீர் செய்ய நான் யாருகிட்டங்க உத்தரவு வாங்கணும்? இருந்து சாப்பிட்டுப் போங்க."

அவரும் இருந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். நான் அன்று கட்டிய சேலைதான் இது.

இப்போது பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். ஹார்மோன்கள் பற்றி வரும்போது, "ஹார்மோன் உத்தரவு போடலாம். எல்லா உத்தரவையும் எல்லாச் செல்லும் கேட்காது" என்று சத்தமாகவே சொல்கிறேன்.

இன்று அண்ணன் மகளுக்குச் சடங்கு. முதல் தண்ணீர் அத்தை ஊற்ற வேண்டும். நேற்று அண்ணியின் அம்மா வந்து, "நீ செத்த ஒதுங்கி இருந்துக்க ஆத்தா, புள்ளைக்கு ஆகாதும்பாங்க" என்றார். அண்ணன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. நேற்றுதான் உங்களை அவ்வளவு தேடியது, மாமா.

காலையில் இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போய்ச் சொம்பை எடுத்தேன். "ஒன்னய யாரு ஊத்தச் சொன்னா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்கண்ணன் மகளுக்குத் தண்ணி ஊத்த நான் யாருகிட்ட உத்தரவு வாங்கணும்?"

மணையில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து, "ஊத்துங்கத்தே, எவ்வளவு நேரம் இப்படியே ஒக்காந்திருக்கிறது?" என்றாள். ஊற்றினேன்.

முந்தானை இன்னும் ஈரமாக இருக்கிறது. காய்ந்ததும் பீரோவில் வைக்கப்போவதில்லை. திங்கட்கிழமை இதைக் கட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன்.