‘ஆர்வமின்மை’ என்ற சொல்லை அடித்த அண்ணிக்கு

என் நெஞ்சுக்குள் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கும் அண்ணிக்கு,

பதுளையில் விடாத மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. உங்கள் மகன் கதிர்வேலுக்குக் கீழ்வரிசையில் பல் முளைக்கிறது. கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறான். இப்போதுதான் தூங்கினான். எனக்கும் கண் சொக்குகிறது. ஆனாலும் இன்றைக்கு எழுதாவிட்டால் இனி எழுதவே மாட்டேன் என்று பட்டதால் உட்கார்ந்துவிட்டேன்.

நம் கட்டுரைக்குக் கொழும்பிலிருந்து பதில் வந்திருக்கிறது. ஏற்றுக்கொண்டோம் என்கிறார்கள், மாற்றித் தர வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. என் அண்ணன் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவருக்கு வாழ்க்கைப்பட்டு அங்கே போன நீங்கள், நியமனமும் சம்பளமும் இல்லாமலே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். நானோ கணவரை இழந்து, பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த அப்பாவின் வீட்டுக்குத் திரும்பி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையானவள். விடுமுறை விட்டால் போதும், உங்கள் அடுப்படிக்கு வந்துவிடுவேன்.

அப்படி வந்த ஒரு விடுமுறையில்தான் அந்த அழைப்பைக் கொண்டுவந்தேன். கொழும்பில் ஆசிரியர்கள் கூடிப் பேசப் போகிறார்கள், ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம், தமிழிலேயே எழுதலாம் என்று எங்கள் தலைமையாசிரியை பெரிய மிஸ் என் கையில் கொடுத்திருந்தார். முதலில் சிக்கல் இன்னதென்று சொல்ல வேண்டும், பிறகு நோக்கம், அதன்பின் வினாக்கள் என்று முறையும் எழுதியிருந்தது. தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: ‘தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் கல்வி ஆர்வமின்மை.’

நீங்கள் மாவு பிசைந்துகொண்டே அதைக் கேட்டீர்கள்.

“ஆர்வம் இல்லைன்னு யாரு பாத்தாங்க?”

“எல்லாரும் சொல்றதுதானே அண்ணி. வர்றதில்லையே.”

“வர்றதில்லைங்கிறது நாம கண்ணால பாக்குறது. ஆர்வம் இல்லைங்கிறது நாம நெனைச்சுக்கிறது. தலைப்புலயே தீர்ப்பு எழுதிட்டா அப்புறம் என்னத்த ஆராயுறது?”

மாவுக் கையோடு என் பென்சிலை வாங்கி, அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தீர்கள். தாளில் மாவு ஒட்டிக்கொண்டது. எனக்குக் கோபம் வந்தது. பெரிய மிஸ்ஸிடம் திருப்பிக் காட்ட வேண்டிய தாள் அது.

அந்த ராங்கியோடு நானே ஒரு தொடக்கம் எழுதினேன், நினைவிருக்கிறதா? ஆதிகாலத்தில் பெண்கள் எப்படிக் கல்வியில் சிறந்திருந்தார்கள் என்று பக்கம் பக்கமாக. முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாக்கியம். இதுல பூனாகலை எந்தப் பக்கத்துல வருது?” என்றீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் நீங்களும் ஒரேயடியாகச் சரியாகச் சொல்லிவிடவில்லை, அண்ணி. குடிக்கிற அப்பன்மார்தான் காரணம், அதை எழுது என்று பிடிவாதமாக நின்றீர்கள். “அதே அப்பனோட மகன் பள்ளிக்கூடம் வர்றானே, அது எப்படி?” என்று நான் கேட்டேன். நீங்கள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, “ஆமா. ஏழ்மைன்னாலும் அதே கதைதான். ஒரே வீட்டுல அவன் வர்றான், அவ வரலை. அந்த வீட்டுக்குள்ள என்ன வித்தியாசம்னு பாக்கணும்” என்றீர்கள். நம் கட்டுரைக்கு முதல் மூச்சு வந்தது அந்த இடத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது பசி மட்டும்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாத நாளில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். உங்களுக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. ஏற்றத்தில் நின்று நின்று வந்தீர்கள். வாசல் வாசலாக நின்று, “ஏன் மகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல?” என்று கேட்டோம். எல்லா வாசலிலும் ஒரே பதில். “அனுப்பாம என்னங்க வாத்தியாரம்மா, நாளையிலேருந்து வருவா.” ஒருத்தி நாம் கேட்பதற்கு முன்பே மகளைக் கூப்பிட்டு நம் முன்னால் திட்டினாள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றது. நமக்குக் கூசிப்போயிற்று.

‘ஏன்’ என்ற சொல்லே அவர்களுக்கு விசாரணை. கங்காணி கேட்பதும் துரை கேட்பதும் அப்படித்தான். ஏன் வரவில்லை, ஏன் கொழுந்து குறைந்தது. நாமும் அதே குரலில் போய் நின்றோம்.

கடைசி வீட்டுக்கு வரும்போது எனக்குக் கேட்கத் தெம்பில்லை. மாரியாயி கைக்குழந்தையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்துவிட்டேன். குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, ஆராய்ச்சியையெல்லாம் மறந்து, “வேலைக்குப் போறப்ப இவன யாருகிட்ட குடுத்துட்டுப் போவீங்க?” என்று கேட்டேன்.

“யாருகிட்ட குடுக்கிறது? மூத்தவகிட்டதான். விடியக்காலம் பேர் கூப்பிடுற பெரட்டுக்குத் தப்பு அடிச்சா நான் ஓடணும். பால் குடுக்க ஒருக்கா எறங்கி வருவேன். மத்த நேரமெல்லாம் அவதாங்க இவனுக்கு ஆத்தா. இவன் நடந்துட்டா அவளுக்கு விடுதலைன்னு பாத்தேன். அதுக்குள்ள அடுத்தது உண்டாயிருச்சு.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

திரும்பி இறங்குகிற வழியெல்லாம் உங்கள் வகுப்புப் பெண்களின் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். பொன்னி எப்போது நின்றாள், தம்பி பிறந்தபோது. அழகி எப்போது திரும்பி வந்தாள், தங்கச்சி நடக்கப் பழகிய பிறகு. இத்தனை காலமும் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். கேள்வி இல்லாததால் ஒன்றோடொன்று சேரவில்லை.

அதற்கப்புறம் நாம் எழுதியதைவிட அடித்ததுதான் அதிகம். நான் ‘ஊவா மாகாணம் முழுவதும்’ என்று எழுதினேன். “நாம பாத்தது ஒரு தோட்டம். ஒரு தோட்டம்னே எழுது” என்று சொல்லிவிட்டீர்கள். அவ்வளவு சின்னதாகப் போனதில் எனக்கு வருத்தம்தான். கடைசியில் நின்றது இவ்வளவே. பள்ளிக்கு வந்து படித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் இடையில் நின்றுபோகிறார்கள், அவர்களின் தம்பிமார் வருகிறார்கள் என்பது சிக்கல். வீட்டில் கைக்குழந்தை இருப்பதற்கும் மூத்த பெண் நின்றுபோவதற்கும் உள்ள தொடர்பைப் பூனாகலையில் அறிவது நோக்கம். அவள் எப்போது நிற்கிறாள், அவளை விட்டால் குழந்தையைப் பார்க்க வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், நின்றவள் திரும்பி வருகிறாளா என்பவை வினாக்கள். வாசித்து முடித்ததும், “இப்ப இதுக்குப் பதில் தேடிப் போகலாம், கெடைக்கும்” என்றீர்கள்.

பதில் தேட உங்களுக்கு நாள் கிடைக்கவில்லை. பிரசவம் நல்லபடியாகத்தான் ஆயிற்று. அதற்குப் பிறகு வந்த காய்ச்சல் விடவில்லை. மலையிலிருந்து இறக்கி, பண்டாரவளையில் ரயிலேற்றி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். கட்டுரையைப் பற்றி ஏதாவது சொல்வீர்கள் என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. நீங்கள் கேட்டதெல்லாம் உங்கள் மூத்தவள் கமலா சாப்பிட்டாளா என்பதுதான். சாப்பிட்டாள் என்றேன். பிறகும் அதையே கேட்டீர்கள்.

அந்த மூன்று வினாக்களையும் தூக்கிக்கொண்டு நான் தனியாகத்தான் அலைந்தேன். பள்ளி விடுகிற நாட்களில் ரயிலேறிப் போவது, லயங்களில் உட்கார்ந்து பேசுவது, திரும்பி வந்து எழுதுவது. உங்களை நினைக்காமல் இருக்க அது ஒரு வழியாகவும் இருந்தது. போகிற நாளெல்லாம் பள்ளி இல்லாத நாள் என்பதால், உங்கள் வீட்டில் நடப்பது என் கண்ணில் படவில்லை.

ஒரு முறை மட்டும் மிஸ்ஸிடம் விடுப்புக் கேட்டு, பள்ளி நடக்கிற நாளில் போனேன். வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று நேரில் பார்க்க ஆசை. கீழே பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. பையை வைத்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு ஏறினேன். வாசலில் கமலா. இடுப்பில் கதிர்வேல். அவன் எடைக்கு அவள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எட்டு வயதுப் பிள்ளை, அண்ணி.

“பள்ளிக்கூடம் போகலியா கண்ணு?”

“நாளைக்குப் போவேன் அத்தை.”

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவே இல்லை. வாத்தியாரின் மகள். கீழே சொல்கிற வாய்ப்பாட்டை இங்கிருந்தே உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அண்ணன் சோற்றுக்கு ஏறி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“நீ சொல்லித்தான் தெரியணுமா பாக்கியம்? காலையில மணி அடிக்கிறவனே நான்தான். அவ வரலைங்கிறது எனக்குத்தான் மொதல்ல தெரியும்.”

“வேற ஆளு யாரும் கெடைக்கலியாண்ணே?”

“கையில தெம்பு இருக்கிறவங்க எல்லாம் மலையில நிக்கிறாங்க. பொழுது சாய்ஞ்சதும் நானே சொல்லிக் குடுக்கலாம்னு உக்காருறேன். சிலேட்டு மேலயே தூங்கிடுறா. எழுப்ப மனசு வரல.”

அவர் தலை எவ்வளவு நரைத்துவிட்டது என்று அப்போதுதான் பார்த்தேன். எங்கள் மாமா அவருக்கு வேறொரு பெண் பார்த்துச் சொல்லியனுப்பியிருக்கிறார். அண்ணன் வேண்டாமென்று சொல்லிவிட்டார். ‘பிள்ளை பாக்குறதுக்கு ஒரு பொண்ணக் கட்டுனா, அதுவும் கமலாவ ஏமாத்துற மாதிரிதான் இருக்கும், அந்தப் பொண்ணயும் ஏமாத்துற மாதிரிதான்’ என்றார்.

அன்று மாலையே கதிர்வேலைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு வந்துவிட்டேன். கமலா ரயில்வரைக்கும் கூட வந்தாள். அழவில்லை. அவன் துணி மூட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, “முதுகில தட்டுனாத்தான் தூங்குவான் அத்தை” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பெரிய மிஸ்ஸின் முன்னால் பிள்ளையோடு போய் நின்றேன். வகுப்பு வேளையில் விடுதி ஆயாவிடம் விட அனுமதி கேட்டேன். எத்தனை மாதம் என்று கேட்டார். அவன் நடக்கிற வரைக்கும் என்றேன். சரி என்றார்.

அண்ணன் எழுதியிருந்தார்: கமலா முதல் நாள் வகுப்பு வாசலில், இடுப்பில் ஒன்றுமில்லாமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாளாம்.

எனக்குப் போய்க் கேட்க ஒரு மிஸ் இருந்தார், ஒரு ஆயா இருந்தாள். மாரியாயி யாரிடம் போய்க் கேட்பாள்? அவளுக்கு நான்காவது பிள்ளை பிறந்துவிட்டது. அவள் மூத்த மகள் இன்னும் வீட்டில்தான். அதனால் கட்டுரையின் முடிவில் இன்னொரு வினாவைச் சேர்த்து அனுப்பினேன்: தாய் மலையில் நிற்கும் வேளையில் தோட்டத்துக் குழந்தையை எங்கே விடுவது?

அதைத்தான் கொழும்பிலிருந்து பிடித்திருக்கிறார்கள். கட்டுரையின் நோக்கம் ஒரு தொடர்பை அறிவது. கடைசி வினா ஒரு ஏற்பாட்டைக் கேட்கிறது. இரண்டும் ஒட்டவில்லை என்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன், சொல்வது சரிதான். நீங்கள் இருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். வினாவை எடுத்துவிட மனம் வரவில்லை. நோக்கத்தைத் திருத்தி எழுதினேன்: தொடர்பை அறிவதோடு, அதை அவிழ்க்க என்ன வேண்டும் என்று அந்தத் தாய்மாரிடமே கேட்பதும் நோக்கம் என்று. இனி மறுபடியும் லயத்துக்குப் போக வேண்டும். கால் வலிக்கிறது அண்ணி.

மற்றொன்றும் எழுதியிருக்கிறார்கள். அச்சிடும்போது தலைப்பு முன்பிருந்தபடியே ‘ஆர்வமின்மை’ என்றுதான் இருக்குமாம். தலைப்புதானே, உள்ளே இருப்பதல்லவா முக்கியம் என்கிறார் பெரிய மிஸ். சண்டை போட எனக்கும் தெம்பில்லை. ஒப்புக்கொண்டு எழுதிவிடலாம் என்றே உட்கார்ந்தேன். ஆனால் பேனா ஓடவில்லை. அந்தச் சொல்லைப் போட்டால் அச்சுப் போட வேண்டாம், நான் வாசிக்கவும் வரமாட்டேன் என்று எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். அப்படிப் போனால் இத்தனை அலைச்சலும் வீண்தானா? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

கட்டுரை அச்சேறினாலும் ஏறாவிட்டாலும், பள்ளிக்கூடத்தை ஒட்டிக் குழந்தைகளை விட ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டுமென்று துரைக்கு விண்ணப்பம் எழுதப் போகிறேன். அண்ணன் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். வேலைக்கு ஆபத்து வரலாம் என்று தெரிந்தேதான் சொல்கிறார். உடனே கிடைத்துவிடும் என்று நம்புகிற வயதெல்லாம் எனக்குப் போய்விட்டது. இல்லை என்றால் அடுத்த வருஷமும் கேட்பேன், அதற்கடுத்த வருஷமும் கேட்பேன். கேட்பதை விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

சிணுங்குகிறான். முதுகில் தட்டப் போகிறேன்.

உங்கள் பிள்ளைகளுக்கு அத்தையாகவும் உங்களுக்கு என்றும்
நாத்தனாராகவும் இருக்கும்,
பாக்கியம்