கமோலி ரயிலடியில் இருபத்தேழு பேர்

வெர்செல்லி,
14 மே 1978

அன்புள்ள எத்தோரே,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் நலம்தான். அக்கா வீட்டில் யாரும் மெலிய முடியாது. வெண்ணெயில் புரட்டிய சோற்றைத் தட்டில் கொட்டிக்கொண்டே இருக்கிறாள். வயலுக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் கொசு வருகிறது, மூடினால் அக்கா வந்து "ஏன்டி இருட்டுல உக்காந்திருக்கே?" என்கிறாள்.

மூன்று வருடம் ஒரே பள்ளியில் "நீங்கள், நீங்கள்" என்று பேசிவிட்டு, சுற்றுலா போன அன்று செஸ்த்ரி கடற்கரையில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது "இனிமே என்னை 'நீ'ன்னே சொல்லு, நானும் 'நீ'ன்னு சொல்றேன்" என்றாயே, அந்தத் தைரியத்தில்தான் இப்படி எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். விசாரணை முடியும்வரை பள்ளிக்கு வரக்கூடாது என்று தலைமையாசிரியர் எழுத்தில் கொடுத்துவிட்டார். ஜூன் 20 அன்று விசாரணை. அவர்கள் கையில் இருப்பது ஒரே ஒரு தாள். அன்று திரும்பும்போது கமோலியில் ரயில் ஏறும்முன் பெயர் வாசித்த தாள். இருபத்தேழு பெயருக்கும் நேரே டிக், கீழே குழுத்தலைவர் என்று என் கையெழுத்து. நிரந்தர ஆசிரியர் யாரும் ஏற்காத அந்தப் பதவியைத் தற்காலிக ஆசிரியை தலையில் கட்டுவதுதானே நம் பள்ளி வழக்கம்.

நடந்தது உனக்குத் தெரியும். நான் குழு டிக்கெட்டுக்கு முத்திரை வாங்க ஜன்னலில் நின்றேன். நீ பெயர் வாசித்தாய். வண்டி கிளம்பும் நேரத்தில் தாளை நீட்டி, "எல்லாரும் இருக்காங்க, போடு, சீக்கிரம் போடு" என்றாய். போட்டேன். ஜெனோவாவில் வண்டி மாறும்போது நானே எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு. ஜெம்மா அந்த நேரத்தில் கமோலிப் பாறைகளுக்கு நடுவே முழங்கால் உடைந்து கிடந்தாள். பொழுது சாயும்போது வலை எடுக்கப் போனவர்கள் பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். "பெயர் வாசித்தது நான்தான்" என்று தலைமையாசிரியரிடம் நீ சொல்லிவிடு. அவசரத்தில் தவறு யாருக்கும் வரும். உனக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வரும், அதோடு போய்விடும். எனக்கோ நிரந்தர வேலைக்கு ஆறு வருடக் காத்திருப்பு. பழி என் மேல் விழுந்தால் நிரந்தரப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. அந்தத் தடித்த கம்பளிச் சட்டையை இனியாவது கழற்று, மே மாதம் வந்துவிட்டது.

அன்புடன்,
லவீனியா


வோகெரா,
23 மே 1978

அன்பு லவீனியா,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் பிரிக்கப் பயந்து, கீழே கொதிகலன் அறைக்குப் போய் நின்றுகொண்டே படித்தேன். மேலெல்லாம் கரி. வகுப்புக்குப் போனால் நாம் கூட்டிப்போன மேல்நிலை 4பி மொத்தமும் சிரிக்கிறது. சிரிக்கட்டும், அந்த வகுப்பில் இரண்டு வாரமாகச் சிரிப்பே இல்லை. ஜெம்மாவின் இடம் காலியாக இருக்கிறது. பக்கத்தில் உட்காரும் ஓர்நெல்லா கரும்பலகையையே பார்ப்பதில்லை.

நீ இல்லாத ஆசிரியர் அறை சகிக்கவில்லை. உனக்குப் பதிலாக வந்தவர் மதியச் சாப்பாட்டுக்குப் பச்சை வெங்காயம் கொண்டுவருகிறார்.

சொல்லாமல் இருப்பேன் என்று நினைக்காதே. போன செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்துவிட்டார். "நல்லவேளை எத்தோரே, எண்ணுற வேலை உங்ககிட்ட இல்ல. கணக்கு வாத்தியார் எண்ணினா தப்பு வருமா? இலக்கியம் நடத்துற அம்மா, கடலப் பாத்து மயங்கி நின்னுருக்கும்" என்று சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள். அதே மூச்சில் செப்டம்பரிலிருந்து துணைத் தலைமையாசிரியர் நாற்காலி எனக்குத்தான் என்றார். அந்த நிமிடத்தில் எப்படிச் சொல்வது, நீயே சொல்.

அவர் குணம் உனக்குத் தெரியும். சூடாக இருக்கும்போது போனால் கை சுடும். நேரம் பார்த்துச் சொல்கிறேன். இன்னும் நான்கு வாரம் இருக்கிறதே.

கமோலியில் வாங்கிய எண்ணெய் ரொட்டியின் கறை என் கோட்டுப் பையில் அப்படியே இருக்கிறது. அம்மா துவைக்கக் கேட்டாள், கொடுக்கவில்லை.

உன்,
எத்தோரே


வெர்செல்லி,
4 ஜூன் 1978

அன்புள்ள எத்தோரே,

வியாழக்கிழமை வோகெராவுக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்கவில்லை என்று கோபிக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டேன். ஏன் திரும்பினேன் என்று சொல்கிறேன்.

ஜெம்மாவுக்குச் செர்ரிப் பழம் கொண்டுபோனேன். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. முழங்கால் இனி முழுதாக மடங்காதாம். அவளே சொன்னாள், மழை வரும் என்று சொல்வது போல. ஏன் பாறைப் பக்கம் போனாள் தெரியுமா? அவள் தம்பி கடலைப் பார்த்ததே இல்லையாம். ஒரு பாட்டில் கடல் தண்ணீர் கொண்டுவா என்று கேட்டிருக்கிறான். துறைமுகத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதே என்று சுத்தமான தண்ணீர் தேடிப் போயிருக்கிறாள். பாட்டில் உடையவில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், உங்க மேல பழி போட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். உங்க மேல தப்பே இல்ல. ஓர்நெல்லாதான் எனக்காக 'உள்ளேன் சார்' சொன்னா. நாங்க எப்பவும் அப்படித்தானே, ஒருத்தி லேட்டுன்னா பக்கத்துல இருக்கறவ சொல்லிடுவா. வண்டி வந்ததும் நான் முன்பெட்டியில ஏறிட்டேன்னு நெனச்சிட்டா" என்றாள்.

இது எனக்குத் தெரிந்த கதைதான். அந்த வகுப்பில் இரண்டு பெண்களுக்கு ஒரு வாய் என்று நீயே சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். அதற்கு அப்புறம் அவள் சொன்னதுதான் எனக்குத் தெரியாதது. "சார் நிமிந்து ஓர்நெல்லாவப் பாத்தாராம் டீச்சர். ஒரு மாதிரி சிரிச்சிட்டு டிக் அடிச்சிட்டாராம். சார் கண்டுபிடிச்சும் திட்டலையேன்னு அவளுக்கு அப்ப சந்தோஷமாம். இப்ப வந்து அழுறா."

எத்தோரே, அது உண்மையா?

ஓர்நெல்லாவைச் சாட்சிக்கு அழை என்கிறாள் அக்கா. பதினேழு வயதுப் பெண். ஜெம்மாவின் காலை வாழ்நாள் முழுக்க அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அதை நான் செய்ய மாட்டேன்.

தலைமையாசிரியரிடம் நீ எப்போது சொல்வாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. இதற்கு மட்டும் எனக்குப் பதில் எழுது.

லவீனியா


வோகெரா,
11 ஜூன் 1978

லவீனியா,

உண்மை.

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் "ரயில் சத்தத்தில்" என்று ஆரம்பித்தேன். ரயில் அப்போது வந்திருக்கவே இல்லை. தெளிவாகக் கேட்டது. ஓர்நெல்லாவின் குரல் இரண்டாவது முறை கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன், அவள் முகம் சிவந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் எத்தனையோ நாள் இப்படி விட்டிருக்கிறேன். ஜெம்மா எங்கேயோ ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருப்பாள், ஓடிவந்து ஏறிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அதுவும் முழு உண்மை இல்லை. நான் எதையும் நினைக்கவில்லை. வண்டி வந்தால் உன் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. வரும்போது உன் பையை எனக்காக இருக்கையில் வைத்திருந்தாய். திரும்பும்போதும் வைப்பாயா என்று காலையிலிருந்தே ஒரு தவிப்பு. நாற்பத்தொரு வயதில், தலையில் பாதி மயிர் போன பிறகு! உன்னிடம் கையெழுத்து வாங்கி, பிள்ளைகளை ஏற்றிவிட்டு ஓடிவந்தேன். பையை வைத்திருந்தாய். ஜெனோவா வரைக்கும் என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அந்த நாற்பது நிமிடமும் அந்தப் பெண் பாறைக்கு நடுவே கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

இருபதாம் தேதி வருகிறேன். எல்லார் முன்னாலும் சொல்கிறேன். நாற்காலி போனால் போகட்டும். தாளில் ஜெம்மா பெயருக்கு நேரே ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது, என் கட்டைவிரல்தான். அதையும் காட்டுவேன். எனக்காக ஒரு ஒன்பது நாள் பொறுத்துக்கொள்.

உன்,
எத்தோரே


வெர்செல்லி,
21 ஜூன் 1978

மதிப்புக்குரிய எத்தோரே அவர்களுக்கு,

நேற்று விசாரணை முடிந்தது. உங்களுக்கு அதற்குள் செய்தி வந்திருக்கும், இருந்தாலும் என் கையால் எழுதுவதுதான் முறை.

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நூலக அறையில் நீள மேசை போட்டிருந்தார்கள். ஜெம்மாவின் அப்பா கோட்டெல்லாம் அணிந்து வந்து, யாரையும் பார்க்காமல் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் அக்காவின் நீலச் சட்டையில் போனேன். முழங்கையில் கொஞ்சம் இறுக்கம். உங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

ஆரம்பத்தில் வந்திருப்பவர்கள் பெயரை வாசித்தார்கள். தலைமையாசிரியர் "உள்ளேன்" என்றார். நான் சொன்னேன். பிறகு உங்கள் பெயர். வாசித்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டாவது முறை வாசித்தார். தலைமையாசிரியர், "அவருக்குக் காய்ச்சலாம், காலையில ஆள் அனுப்பிச் சொன்னார். அவர் வந்துதான் ஆகணும்னு இல்லையே" என்றார்.

பள்ளிக்கு எதிரே உள்ள காபிக் கடைச் சுவரில் உங்கள் பச்சை சைக்கிள் சாய்ந்திருப்பதை வரும்போதே பார்த்திருந்தேன். சங்கிலியில் கால்சட்டை மாட்டாமல் இருக்க நீங்கள் போடும் கிளிப் கைப்பிடியில் தொங்கியது. அவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். தெருவைத் தாண்டினால் போதும்.

இரண்டாவது முறை வாசித்தபோது என் கை பைக்குள் போய்விட்டது. எடுத்து மேசையில் வைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அக்கா நேற்றிலிருந்து அதற்குத்தான் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். "பைத்தியமாடி நீ? ஆறு வருஷம்!" என்கிறாள். எனக்கும் அந்த ஆறு வருடம் பெரிதுதான். நான் ஒன்றும் மகான் இல்லை. இராத்திரி முழுக்க அழுதேன், உங்கள் மேல் கோபத்திலும்தான்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஓர்நெல்லா நினைவுக்கு வந்தாள். வராதவளுக்காக அவள் "உள்ளேன்" என்று சொன்னாள். நீங்கள் வராத இடத்தில் உங்கள் காகிதத்தை எடுத்து வைத்தால் நானும் அதைத்தானே செய்கிறேன்? ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொன்னதால்தான் இவ்வளவும் வந்தது. கையை வெளியே எடுத்துவிட்டேன்.

கையெழுத்து என்னுடையதுதான், எண்ணாமல் போட்டது என் தவறு என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். இங்கே அரிசி ஆலையில் கடிதப் போக்குவரத்து பார்க்க ஆள் வேண்டுமாம், திங்கட்கிழமையிலிருந்து போகிறேன்.

திரும்பும் வண்டியில் கூட்டமே இல்லை. பையைப் பழக்கத்தில் பக்கத்து இருக்கையில் வைத்தேன், பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜெம்மாவுக்கு ஜூலையில் கட்டு பிரிக்கிறார்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள். அவள் தம்பியிடம் அந்தப் பாட்டிலை அவள் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறாள்.

உங்கள் ஜூன் பதினொன்றாம் தேதிக் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். உங்கள் பெயரை வாசித்தார்கள், எத்தோரே. இரண்டு முறை வாசித்தார்கள். உங்களுக்காக நான் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
லவீனியா ரவெல்லி