சனிக்கிழமைச் சந்தையும் உன் அத்தையின் புல்வெளியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, மனசில் குறையில்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். போன வாரம் பேசும்போது நடுநடுவே இருமினாய், கேட்டால் "ஏசி காத்துப்பா" என்றாய். ஏசியோ எதுவோ, ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல், அம்மா அன்றிலிருந்து உன் இருமலை எனக்கு இருமிக் காட்டிக்கொண்டிருக்கிறாள், இப்படி இருமினாளா, அப்படி இருமினாளா என்று. அவளுடைய முழங்கால் வலி பரவாயில்லை, டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் செய்யமாட்டேன் என்கிறாள், வீட்டு வேலையே பயிற்சிதானாம். தோட்டத்தில் வெள்ளரி இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. கீரைதான் வெயிலில் கொஞ்சம் சோர்ந்து நிற்கிறது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நீ இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டாய், அத்தைக்கும் நமக்கும் என்ன, அத்தை பேச்சை எடுத்தாலே ஏன் அம்மா அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை என்னிடம் நீட்டுகிறாள் என்று. அடுப்பில் பால் ஒன்றும் இல்லை. போனில் சொல்லக்கூடிய விஷயமாக இல்லை, நீ பாதியில் "அப்பா ஒரு மீட்டிங்" என்று போய்விடுவாய், மீதிப் பாதியை நீயே கற்பனை செய்துகொள்வாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நிதானமாகப் படி.

உனக்குத் தெரிந்த அதே சந்தைதான். நகரத்தின் நடுவில், பெரிய கட்டடங்களுக்கு இடையில் மிஞ்சியிருக்கும் அந்த ஒரே புல்வெளியில், சனிக்கிழமை காலையில் எங்களைப் போலச் சுற்றுப்புறத்தில் பயிர் வைப்பவர்கள் கடை விரிப்போம், நீகூடப் பள்ளிக்கூட நாட்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து தக்காளி எடை போட்டிருக்கிறாய், பாதியைத் தின்றும் இருக்கிறாய். அது நகராட்சியின் பூங்கா, வருஷத்துக்கு ஒரு தடவை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். இதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை, எங்கள் சங்கத் தலைவர் தேன்காரர் போய் முத்திரை வாங்கிக்கொண்டு வருவார், வந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார், அவ்வளவுதான். இந்த வருஷம் டீ வரவில்லை. எதிரே இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் புல்வெளியில் சந்தை கூடாது என்று மனுக் கொடுத்திருக்கிறார்களாம், வண்டி ஏற்றி ஏற்றிப் புல்லெல்லாம் செத்துவிட்டதாம், மரத்தில் கயிறு கட்டுகிறார்களாம், கூடாரத்துக்கு அடித்த இரும்பு முளைகளைப் பிடுங்காமலே போய்விடுகிறார்களாம், அதனால் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கேட்டுத்தான் முடிவு என்று பூங்கா அதிகாரி சொல்லிவிட்டார். கூட்டத்தில் நம் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பிடித்தார்கள். தேன்காரருக்குக் கோபம் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ரேடியோவைப் பேசவிட்டால் அதிகாரி பாதியில் எழுந்து ஓடிவிடுவார் (ரேடியோ என்பது பூச்செடி நாற்று விற்கிற அம்மா, காலையில் திறந்த வாய் சந்தை கலையும்வரை மூடாது). அந்த ரேடியோதான் என் காதில் போட்டது, மனுக் கொடுத்த குடியிருப்புக்குச் செயலாளர் யாரென்று தெரியுமா, உங்கள் கூடப் பிறந்தவள்தான் என்று.

எனக்கு எப்படி இருந்திருக்கும் பார். அன்றைக்குச் சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல டீ போட்டாள், வழக்கம்போலச் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். மாமா உள்ளே படுத்திருப்பதாகச் சொன்னாள், குளியலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாரே, அந்தக் கட்டை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். நான் நேராகவே கேட்டேன், என் பிழைப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்தே இப்படிச் செய்தாயா என்று. "புல்லு செத்துப்போச்சுண்ணா, போய்ப் பாரு, வெறும் மண்ணா கிடக்கு" என்றாள். நான் ஆத்திரத்தில், "உனக்கு அண்ணன் பெருசா புல்லு பெருசா?" என்று கேட்டுவிட்டேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டே, "அதை மட்டும் கேக்காத" என்றாள். சின்ன வயதிலிருந்து என்னிடம் ஒரு சண்டையிலும் வாயை மூடாதவள், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அவளுக்கு என்னைவிடக் கோபம், வாராவாரம் அத்தை வீட்டுக்கு என்று கீரையும் வெள்ளரியும் தனியாக ஒரு பையில் எடுத்து வைப்பாளே, அந்தப் பையை உதறி மடித்துப் பரண் மேல் போட்டுவிட்டாள். அப்புறம் அங்கிருந்தும் போன் இல்லை, இங்கிருந்தும் இல்லை.

கூட்டத்துக்கு முன்னால் ஒருநாள் பூங்கா அதிகாரி என்னை இடத்துக்கு வரச்சொன்னார், உன் வயதுப் பெண்தான், காலில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கிப் பார்க்கிற ரகம். கடை எங்கே போடுகிறீர்கள், வண்டி எங்கே நிற்கிறது என்று நேரில் காட்டுங்கள் என்றார். வாரநாள் காலையில் நான் அங்கே போனதே இல்லை. சீக்கிரமாகவே போய்விட்டேன், அதிகாரி இன்னும் வரவில்லை. பார்த்தால் புல்வெளியின் ஒரு கோடியில் உன் அத்தை நின்றுகொண்டு செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள். காலங்கார்த்தாலே இவளுக்கு என்ன ஆயிற்று, யாருக்குப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன், மறுகோடியிலிருந்து மாமா, காலில் செருப்பில்லாமல், இரண்டு கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு, அந்தக் குரலைப் பிடித்து மெல்ல மெல்ல நடந்து வருகிறார். கிட்டே வந்ததும் அவள் படிப்பை நிறுத்தாமலே அவரைத் தாண்டி எதிர்க்கோடிக்குப் போய் நின்றாள், அவர் திரும்பி மறுபடி நடந்தார். விலைவாசி, வானிலை, யாரோ ஒரு மந்திரி எதையோ திறந்து வைத்தது, எல்லாவற்றையும் அவள் அந்த வெட்டவெளியில் கத்திக் கத்திப் படிக்கிறாள், அவர் அதைப் பார்த்து நடக்கிறார். நடுவில் வண்டித் தடம் விழுந்த பள்ளம் வந்ததும் கால் தடுமாறி நின்று, பாதத்தால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனார். 

வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டிய மனுஷன். மழையிலும் பனியிலும் ஓட்டியவர். நான் நின்ற இடத்திலேயே நின்றேன், திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, அதற்குள் அவரே, "செருப்பை இழுத்துட்டு வந்தது மச்சான்தானே? அங்கயே நின்னா எப்படி, வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார். அத்தை செய்தித்தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு வருஷமாகவே பார்வை மங்கிக்கொண்டு வந்திருக்கிறது, இப்போது ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது, நேரே ஒன்றும் தெரியாது, திரும்ப வராது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நடைபாதையில் ஆளும் வண்டியும் கம்பமுமாக இருக்கிறது, யார் துணையும் இல்லாமல் அவர் தானாக நடக்கிற ஒரே இடம் இந்தப் புல்வெளிதான், அதுவும் சந்தை முடிந்து சில நாளைக்குப் பள்ளமும் மேடுமாகிவிடுகிறது. கை உடைந்தது குளியலறையில் இல்லை, அங்கேதான், மண்ணில் நின்ற ஒரு இரும்பு முளை தடுக்கி. நாங்கள் எல்லோரும் அடிப்பது ஒரே மாதிரி முளை. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தால் என்ன என்று அவளைக் கேட்டேன். மாமாதான் பதில் சொன்னார். "நான்தான் சத்தியம் வாங்கினேன் மச்சான். கூட்டத்துலயும் என் கண்ணைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. பஸ்ஸுல எத்தனை பேர் எனக்கு வணக்கம் வெச்சிருக்காங்க, இப்ப அவங்க எல்லாம் ஐயோ பாவம்னு ஒதுங்கி வழி விட்டா நான் வீட்டை விட்டு வெளியவே வரமாட்டேன்" என்றார். அதிகாரி வந்ததும் எழுந்து போய், கடை போடும் இடத்தையும் வண்டி நிற்கும் இடத்தையும் காட்டிவிட்டு வந்தேன்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பார். முழுப் புல்வெளியையும் கேட்டு வாங்கிக்கொடு என்று எல்லோரும் என்னை நம்பி அனுப்புகிறார்கள். எனக்கோ அதைக் கேட்க வாய் வராது, ஏன் என்று சொல்லவும் வழியில்லை. பல நாள் இதே யோசனைதான். பொது இடம் என்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு என்று இத்தனை வருஷம் உரிமையாக நின்றிருக்கிறேன், அதே பங்கு சத்தம் போடாமல் நடந்துவிட்டுப் போகிறவனுக்கும் உண்டு என்று அந்தப் பெஞ்சில் உட்காரும்வரை எனக்கு உறைக்கவில்லை. அதற்காக என்னோடு கடை போடுகிறவர்கள் என்ன தப்புச் செய்தார்கள், அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அம்மாவிடம் மட்டும் சொன்னேன் (அம்மாவுக்குத் தெரியாமல் என்னால் ஒன்றையும் வைத்திருக்க முடியாது என்று மாமாவுக்கும் தெரியும்). அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்கால் வலியோடு ஏறி, பரணிலிருந்து பையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சங்கத்தில் எழுந்து சொல்லிவிட்டேன், புல்வெளியைக் கேட்க என்னால் முடியாது, பக்கத்துச் சாலையைச் சனிக்கிழமை காலையில் மூடித் தரச்சொல்லிக் கேட்கலாம், அதற்குச் சம்மதமென்றால் பேசுகிறேன், இல்லையென்றால் வேறு ஆளை அனுப்புங்கள் என்று. ஒரே கூச்சல். சாலையில் ஒரு பொட்டு நிழல் கிடையாது, காய்கறி வெந்துபோகும் என்றார்கள், அது உண்மைதான். காரணம் கேட்டார்கள், இருக்கிறது, சொல்ல முடியாது என்றேன். "தங்கச்சி டீ குடுத்து ஆளை மடக்கிட்டா" என்று ரேடியோ எல்லோர் முன்னாலும் சொன்னாள். தேன்காரர் எழுந்து, "நீங்க சாலையைக் கேளுங்க, நான் புல்வெளியைக் கேக்கறேன், எது கிடைக்குதோ கிடைக்கட்டும்" என்றார். நல்ல மனுஷன். மறுநாள் நகராட்சிக் கூடத்தில் அவரும் பேசினார், பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அத்தை புல்லைப் பற்றி மட்டும் பேசினாள். நான் சாலையைக் கேட்டேன். அந்தப் பெண் அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புல்வெளியில் இனிக் கடை கிடையாது, சனிக்கிழமை காலையில் சாலை உங்களுக்கு, மழைக்காலம் வரை இப்படிப் பார்ப்போம், பிறகு மறுபடி பேசுவோம் என்று முடித்துவிட்டார். வெளியே படிக்கட்டில் அத்தை என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். நன்றி கின்றி என்று ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். "கீரை வாடிடுமேண்ணா" என்றாள். வாடினால் தண்ணி தெளித்துக்கொள்கிறேன் போ என்றேன்.

வாடத்தான் செய்கிறது. கொஞ்சம் வெயில் ஏறினாலே கீரைக்கட்டு தலையைத் தொங்கப்போட்டுவிடும், ஈரச் சாக்குப் போட்டு மூடி வைக்கிறேன், முன்பு போல வியாபாரம் இல்லை, முட்டை விற்றவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். ரேடியோ என் பக்கத்துக் கடையை விட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள், என்னைக் கண்டால் மட்டும் ரேடியோ நின்றுவிடுகிறது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், இப்போது பக்கத்தில் காது வெறிச்சென்று இருக்கிறது. நான் செய்தது சரியா என்று நீ கேட்டால், மாமாவுக்குச் சரி, ஆனால் கடை போடும் இவர்களுக்கும் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. மரத்தடி இல்லாவிட்டாலும் மேலே கட்டத் துணிப்பந்தலாவது நகராட்சி தரட்டும் என்று தேன்காரரும் நானும் அந்த அதிகாரியைப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பார்ப்போம் என்கிறார். விடுவதாக இல்லை.

கடைசியாக, இதை உனக்கு எழுதலாமா என்று மாமாவையே கேட்டேன். உடனே சரி என்றார், "அவகிட்ட கட்டாயம் சொல்லுங்க மச்சான், போன்ல படம் படமா அனுப்பறா, சூப்பர் சூப்பர்னு பொய் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு" என்றார். ஆகவே இனிமேல் அவருக்குப் படம் அனுப்பாதே. ஐயோ மாமா என்று அழுது பேசவும் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, உன் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது, தெருவில் என்ன நிறத்தில் பஸ் போகிறது, டிரைவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், வளைவில் எப்படித் திரும்புகிறார், அதை வாயால் சொல், அவசரப்படாமல் சொல். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். மறந்துவிடாதே.

உடம்பும் மனசும் திடமாக, எடுத்த காரியமெல்லாம் கைகூடி, எந்த ஊரில் இருந்தாலும் உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் நாலு பேர் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நினைவாக,
அப்பா