பாலிசியில் என் பெயர்

வெண்ணந்தூர்,
11.2.2025

அன்புள்ள கிருத்திகாவுக்கு,

ஜெயபிரகாஷை ஜோகன்னஸ்பர்க் கொண்டுபோக நான் கையெழுத்துப் போட மறுத்தேன் என்று உன் வீட்டார் சொல்லிவருகிறார்கள். அது தவறு. நான் மறுக்கவில்லை. கேள்வி கேட்டேன், பதில் வரும் வரை காத்திருந்தேன். இரண்டும் ஒன்றல்ல.

சனிக்கிழமை செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் உன் சின்னம்மா கலைமணி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "கெழவி கையெழுத்துப் போட மாட்டேங்குதாமாங்க. மவன் அங்க மூச்சுக் கொழாயோட கெடக்கறான், இது இங்க ஊட்டுல உக்காந்து இங்கிலீசு பேசிக்கிட்டிருக்குது." நான் பின்னால் நிற்பது கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. அவர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் முறை வரும் வரை நின்று, புளி வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக உடைத்து இங்கிலீஷில் பேசினாள். வழக்கமான வேகத்தில் பேசலாம், எனக்குப் புரியும் என்றேன். அதன்பிறகு சரியாகப் பேசினாள். மலேரியா மூளையைத் தாக்கி என் மகன் நினைவில்லாமல் இருக்கிறான், ஜாம்பியாவில் அவன் இருக்கும் கிட்வேயில் இதற்குமேல் பார்க்க வசதி இல்லை, ஆம்புலன்ஸ் விமானத்தில் கொண்டுபோக என்னுடைய எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றாள்.

அதுவரை எனக்கு நீங்கள் சொல்லியிருந்தது காய்ச்சல் என்பது மட்டும். அதற்கு முதல் நாள்கூட ஈஸ்வர் போனில், "வெறும் காச்சல்தானுங்க பெரீம்மா, மாத்தரை போட்டுட்டுத் தூங்கறாருங்க" என்றான். தொழிலில் பங்காளியாக இருப்பவன், கூடவே இருப்பவன், அப்படிச் சொன்னான். நான் நம்பினேன். அதனால்தான் போனில் எதுவும் வேண்டாம், தாளில் எழுதுங்கள் என்கிறேன். போனில் எல்லோரும் என்னைத் தூங்க வைக்கிறீர்கள்.

நான் கேட்ட கேள்விகள் இரண்டு. விமானத்தில் ஏற்றினால் தாங்குவானா? ஏற்றுவதுதான் ஏற்றுகிறீர்கள், ஏன் கோயம்புத்தூருக்குக் கொண்டுவரக் கூடாது? முதல் கேள்விக்கு, தாங்குவான் என்று டாக்டரின் பதில் நேற்று மாலை வந்தது. இரண்டாவதற்கு அந்தப் பெண்ணே பதில் சொன்னாள். எந்த ஊரில் வைத்தியம் கிடைக்கிறதோ, அதில் மிக அருகில் இருக்கும் ஊருக்குத்தான் கம்பெனி கொண்டுபோகுமாம். சொந்த ஊர் என்பதைப் பாலிசி பார்ப்பதில்லையாம். உடனே கையெழுத்திட்டு, ஜோதியின் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னேன். இந்தக் கடிதத்தையும் அவள்தான் அப்படி உனக்கு அனுப்புகிறாள்.

மனைவி நீ பக்கத்தில் இருக்கும்போது இதை ஏன் என்னிடம் கேட்டார்கள் என்று உனக்கு வருத்தம் இருக்கும். அந்தப் பெண் கூப்பிடும் வரை எனக்கும் இது தெரியாது. உன் மாமனார் போர்வெல் போடும் முதல் ரிக் வண்டியை என் பெயரில் வாங்கினார். முதல் போரிலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அன்று முதல் இந்த வீட்டில் நிலம், லாரி, கேஸ் இணைப்பு எல்லாம் சென்னியம்மாள் பெயரில்தான். ராசியாம். ஜெயபிரகாஷ் ஜாம்பியா போனதும் எடுத்த பாலிசியிலும் நெருங்கிய உறவு என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறான். கல்யாணத்துக்குப் பிறகு உன்னையும் பாலிசியில் சேர்த்திருக்கிறான். அந்த இடத்தில் இருந்த பெயரை மட்டும் மாற்றவில்லை.

விமானம் எப்போது கிளம்புகிறது, நீ உடன் போகிறாயா என்று எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
சென்னியம்மாள் அர்த்தநாரி


ஜோகன்னஸ்பர்க்,
20.2.2025

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை ஜோதி அனுப்பிய அன்றே படித்துவிட்டேன். எழுத இன்றுதான் உட்கார முடிந்தது. சின்னம்மா பேசியது தப்பு. அவர்களிடம் போனில் சொல்லிவிட்டேன்.

முதலில் நல்ல செய்தி. அவர் பிழைத்துக்கொண்டார். மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். கண்ணைத் திறந்து பார்க்கிறார். நான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் கண் கூடவே வருகிறது. வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு வரவில்லை. விழுங்கத் தெரியாததால் மூக்கு வழியாகத்தான் உணவு போகிறது. வர வேண்டியது வரும், ஆனால் மாதக் கணக்கில் பயிற்சி வேண்டும் என்கிறார்கள்.

உங்களிடம் காய்ச்சல் என்று சொன்னது பொய் இல்லை அத்தை. எங்களுக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. ரிக் வண்டி காட்டுக்குள் போர் மேல் நின்றுகொண்டிருந்தது. பாதியில் விட்டால் குழி சரிந்துவிடும், முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். உங்கள் மகனை உங்களுக்குத் தெரியும்.

விமானத்தில் ஏறும்போது நர்ஸ் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "சென்னியம்மாள் யார்?" என்று கேட்டாள். அவருடைய அம்மா என்றேன். "அப்படியானால் நீங்கள்?" என்றாள். மனைவி என்றேன். தாளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த நாலு நாளும் டாக்டர்கள் என்னைத் தாண்டிப் போய் உங்கள் பதில் வந்துவிட்டதா என்றுதான் கேட்டார்கள். நான் அவர் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தமிழினி ஹாஸ்டலில் இருந்து வந்தால் அப்பா நன்றாக இருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்,
கிருத்திகா


வெண்ணந்தூர்,
10.3.2025

அன்புள்ள கிருத்திகாவுக்கு,

பதினைந்து நாளுக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கம்பெனிப் பெண்தான் எனக்குச் செய்தி சொல்கிறாள். அவள் சொல்லித்தான் அவன் கஞ்சி விழுங்குகிறான் என்று தெரிந்துகொண்டேன். இதை நீ எழுதியிருக்கலாம்.

நேற்று அவள் கூப்பிட்டு, இனி ஆபத்தில்லை, ஜோகன்னஸ்பர்க்கில் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, ஒரு பயணத்துக்குக் கம்பெனி ஏற்பாடு செய்யும், ஜாம்பியாவுக்குத் திரும்புகிறாரா, இந்தியா போகிறாரா என்று கேட்டாள். வீட்டுக்கு என்றேன். எழுத்தில் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே எல்லாம் தயார். கீழ் அறையில் அவனுக்கு இடம். குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையாது என்பதால் கொத்தனாரை வைத்து இடித்து அகலப்படுத்தினேன். முதலில் கதவு நிலையை அவன் கோணலாக வைத்தான். பிரித்து மறுபடி வைக்கச் சொன்னேன். "ஏனுங்க பெரீம்மா, கதவு தொறந்தாப் போதாதுங்களா?" என்றான். போதாது என்றேன். சேலத்தில் இருந்து தலைமாடு உயர்த்தும் கட்டில் வந்துவிட்டது. ராசிபுரத்தில் இருந்து பயிற்சி கொடுக்க ஒரு பெண் தினமும் வர ஒத்துக்கொண்டிருக்கிறாள். படித்த பெண். கையெழுத்து மட்டும் மோசம்.

தமிழினி நேற்று வந்திருந்தாள். புது நாற்காலியில் உட்கார்ந்து வாசல் வரை ஓட்டிப் பார்த்தாள். "அப்பத்தா, அப்பா வந்தா நான்தான் தள்ளுவேன், வேற ஆரும் தொடக் கூடாது" என்றாள். அந்தப் பேச்சைத் திருத்தத் தோன்றவில்லை.

என்ன விமானம், எந்தத் தேதி என்று கம்பெனியோடு பேசி எனக்கு எழுது.

இப்படிக்கு,
சென்னியம்மாள் அர்த்தநாரி


ஜோகன்னஸ்பர்க்,
11.3.2025

அத்தை,

அனுப்பாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்று ஜோதியிடம் சொல்லியிருக்கிறேன்.

இது வெளிநாட்டில் குடியிருப்பவருக்கான பாலிசி. ஜாம்பியாவில் இருக்கும் வரை லுசாகாவில் பயிற்சி ஆஸ்பத்திரியில் வைத்துப் பேச்சு, கை, கால், எல்லாவற்றுக்கும் அவர்கள் பார்ப்பார்கள். நல்ல இடம், போய்ப் பார்த்தவர்களிடம் விசாரித்துவிட்டேன். சொந்த நாட்டுக்குப் போய் இறங்கிவிட்டால் ஒரு மாதத்தோடு பாலிசி முடிந்தது. அதன்பிறகு எல்லாம் நாம்தான். ஊரில் அவருக்குத் தனியாக எந்தப் பாலிசியும் இல்லை. படுத்திருப்பவரை இனிமேல் எந்தக் கம்பெனி சேர்க்கும்?

நிலம் இருக்கிறதே என்று சொல்வீர்கள். விற்கலாம். ஆனால் இரண்டாவது வண்டி கடனில் நிற்கிறது, அவர் இல்லாமல் ஈஸ்வர் ஒருவரால் ஓட்ட முடியவில்லை. விற்றது தீர்ந்த பிறகு அவருக்கு எழுபது வயது வரை என்ன செய்வது? அவருக்கு நாற்பத்து நாலுதான் அத்தை.

வீட்டில் எல்லாம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். கதவை அகலப்படுத்தியதைப் படித்துவிட்டு வெராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு மட்டும் ஊருக்கு வர ஆசை இல்லையா? என் பிள்ளை அங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். அவளைத் தொட்டு எட்டு மாதம் ஆகிறது.

அவரிடமே கேட்டுப் பார்த்தேன். ஊருக்குப் போலாமுங்களா என்றேன், அழுதார். லுசாகா போலாமுங்களா என்றேன், அதற்கும் அழுதார். எதைக் கேட்டாலும் அழுகை வருகிறது, அது மூளையில் பட்ட அடியாம், அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை போனை அவர் காதில் வைத்தபோது நீங்கள், "சாமி, அம்மாடா" என்றீர்கள். இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டார். அதை உங்களிடம் சொல்லாமல் விட்டேன். சொன்னால் உடனே கூட்டி வரச் சொல்வீர்கள் என்று பயந்தேன். என் வீட்டுக்காரரை உங்களிடம் நான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள்.

கிருத்திகா


வெண்ணந்தூர்,
14.3.2025

அன்புள்ள கிருத்திகாவுக்கு,

உன் கடிதத்தைப் புதன்கிழமை ஜோதி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "பெரீம்மா, மொதல்ல உக்காருங்க, அப்புறம் படிங்க" என்றாள். நின்றுகொண்டே படித்தேன்.

நீ எழுதியதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. நேற்று பஸ் ஏறிச் சேலம் போனேன். மூன்று இன்சூரன்ஸ் அலுவலகங்களில் கேட்டேன். முதல் இடத்தில் என்னை நிற்க வைத்தே பதில் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் எழுதித் தருகிறோம் என்றார்கள், தரவில்லை. மூன்றாவது இடத்தில் ஒரு பையன் மரியாதையாக நாற்காலி போட்டு, ஜெயபிரகாஷின் நிலைமை முழுவதையும் கேட்டுவிட்டு, "முடியாதுங்கம்மா. நல்லா இருக்கறப்பவே எடுத்திருக்கோணும். இப்ப எங்க போனாலும் இதையேதான் சொல்லுவாங்க. வீணா அலையாதீங்க" என்றான். தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன். நீ எழுதியது சரி.

நானே அங்கே வந்து உங்களோடு இருக்கலாமா என்று கம்பெனிப் பெண்ணிடம் கேட்டேன். என் வயதுக்கும், நெஞ்சில் வைத்திருக்கும் கருவிக்கும் புதிதாகப் பாலிசி கொடுக்க மாட்டார்களாம். அது இல்லாமல் வந்து நான் படுத்துக்கொண்டால் நீ இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் தாளை எடுத்து உட்கார்ந்தேன். வீட்டுக்கு என்று எழுதினால் அவனுடைய வைத்தியத்தை நான் நிறுத்தியதாகும். லுசாகாவுக்கு என்று எழுதினால், பெற்ற மகனை நீ வர வேண்டாம் என்று என் கையாலேயே எழுதியதாகும். இரண்டையும் எழுத முடியவில்லை. எதைக் கேட்டாலும் தெளிவாகப் பதில் சொல்கிறவள் என்று என்னைப் பற்றி நானே நினைத்திருந்தேன். தமிழினி இன்று ஹாஸ்டலில் இருந்து போன் செய்து, "அப்பா எப்ப வாராரு?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். இதுவரை அந்தக் குழந்தையிடம் நான் அப்படிச் சொன்னதில்லை.

ஆகவே கம்பெனிக்கு வேறு ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். பாலிசியில் என் பெயர் இருக்கும் இடத்தில் உன் பெயரை எழுத வேண்டும், இன்று முதல் அவனைப் பற்றிய எந்த முடிவையும் உன்னிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் கேட்கத் தேவையில்லை என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டதாக மாலையில் பதில் வந்தது. அந்தப் பெண் என்னோடு பேசியது மகிழ்ச்சி என்று எழுதியிருந்தாள். இனி கூப்பிட மாட்டாள்.

பெருந்தன்மையால் செய்தேன் என்று யாரிடமும் சொல்லாதே. என்னால் முடியாததை உன் தலையில் வைத்திருக்கிறேன். அது எனக்குத் தெரியும். எனக்கு அவன் இங்கே வேண்டும். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் அதற்காக நீ மனம் மாற வேண்டியதில்லை. லுசாகா என்று முடிவு செய்தால் நான் உன் வீட்டாரிடமோ என் வீட்டாரிடமோ ஒரு சொல்லும் குறையாகச் சொல்லமாட்டேன். யாராவது சொன்னால் திருத்துவேன்.

கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று சேலம் கடையில் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்.

அவன் போனைப் பிடித்துக்கொண்டான் என்பதை நீ அப்போதே எழுதியிருக்கலாம். இனிமேல் அவனைப் பற்றி எனக்குத் தெரிய வருவதெல்லாம் நீ சொன்னால்தான். நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் உள்ளபடி சொல். நான் தாங்குவேனா என்று நீ யோசிக்க வேண்டாம்.

லுசாகாவா, வெண்ணந்தூரா? முடிவு செய்ததும் எனக்குத் தெரிவி. போனில் வேண்டாம். கடிதமாக எழுது.

உன் அத்தை,
சென்னியம்மாள்