இருபத்திரண்டாயிரத்துக்குள் ஒரு கேமரா

பிப்ரவரி 4

அன்புள்ள திருப்புளிக்கு,

மோவாய் எழுதுவது. நலம்தானே? நீ இந்த ஸ்டுடியோவை விட்டுப் போய் நாலு வருஷமாகிறது. நான் இன்னும் அதே நீலத் துணிக்கு எதிரே நின்று, "மோவாயைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, பாவி. போனில் பேசலாமென்றால் மாமாவின் காது கடை முழுக்க இருக்கிறது. முதலாளியே மாமனார், கடைக்கு மேலேயே வீடு என்றால் மனுஷன் எங்கே போய்ப் பேசுவது? எதிர்க்கடைத் தையல்காரர் முகவரிக்கே பதில் போடு.

உன் ஊர் விளம்பரக் கம்பெனி வேலைக்குச் சொந்தக் கேமராவோடு ஜூன் முதல் தேதி வரவேண்டும் என்று எழுதியிருந்தாய். என் கையில் இருபத்திரண்டாயிரம் இருக்கிறது. டிஎஸ்எல்ஆர் கேமரா பார்க்கப் போனேன். கடைக்காரர் மெகாபிக்சல் கணக்கை அடுக்கியதில் தலை சுற்றிவிட்டது. எதை வாங்குவது என்று நீதான் சொல்லவேண்டும். எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது.

உன்
மோவாய்

*

பிப்ரவரி 15

அடே மோவாய்,

மெகாபிக்சலைக் கண்டு மயங்காதே. சுவர் அளவுக்கா பிரிண்ட் போடப் போகிறாய்? உன் காசுக்குப் புதுசு வாங்கினால் கூடவே மட்டமான லென்ஸ்தான் வரும். கேமரா பாடியை மட்டும் கொஞ்சம் பழையதாக வாங்கு, மிச்சத்தை நல்ல லென்ஸில் போடு. லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார். உள்ளே நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. சும்மா கொடுத்தாலும் வாங்காதே.

வாங்குமுன் இருபது படம் எடுத்து, மெமரி கார்டைத் தபாலில் அனுப்பு. ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று படத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஓடுவது, நிழலில் இருப்பது, தூரத்தில் இருப்பது எல்லாம் எடு.

வீட்டுக்காரியிடம் சொன்னாயா? மறைக்காதே.

திருப்புளி

*

மார்ச் 9

அன்புள்ள திருப்புளிக்கு,

சொல்லிவிட்டேன். அப்பாவிடம் போட்டுக்கொடுப்பாளோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். "இதைச் சொல்ல இவ்வளவு நாளா? நானும் வரேன். இந்த மாடிப்படியிலயே ஏறி இறங்கி என் ஆயுசு போயிடும் போலிருக்கு" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கேமரா ஒன்று கிடைத்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருடையது. லென்ஸில் பூஞ்சை இல்லை. பத்தொன்பதாயிரம் கேட்கிறார். அவர் வீட்டு மொட்டைமாடியில் வைத்தே இருபது படம் எடுத்தேன். கார்டு இத்துடன்.

மோவாய்

*

மார்ச் 20

அடப்பாவி!

இருபது படத்திலும் வாத்தியார்! சுவரோரம் நிற்கவைத்து, காலரைச் சரிசெய்து, ரெண்டு காதும் தெரிய, பாஸ்போர்ட்டுக்கு எடுப்பதுபோல் எடுத்திருக்கிறாய். பின்னால் கொடியில் துணி பறக்கிறது. ஓரத்தில் ஒரு பூனையின் வால் தெரிகிறது. நீ எதையும் பார்க்கவே இல்லை. எங்கள் கேமரா ரிப்பேர் பட்டறையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. வந்த புதிதில் என் கையும் தானாகக் காலருக்குத்தான் போகும். சரியாகிவிடும், நீ முதலில் வந்து சேர்.

ஷட்டர் பதினோராயிரம்தான் அடித்திருக்கிறது. யோசிக்காமல் வாங்கு. ஆனால் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதே, தையல்காரரிடம் வை. உங்கள் ரெண்டு பேருக்கும் ஓர் அறை பார்த்துவைத்திருக்கிறேன். சின்னதுதான், ஆனால் ஜன்னல் இருக்கிறது.

திருப்புளி

*

ஜூன் 3

அன்புள்ள நண்பனுக்கு,

முதல் தேதி நீ ரயிலடியில் காத்திருந்திருப்பாய். மன்னித்துவிடு. நடுவில் நீ போட்ட ரெண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுதக் கை வரவில்லை.

கேமரா நல்ல கேமரா. உன் தேர்வில் ஒரு குறையும் இல்லை. இப்போது அதன்மேல் கடைப் பெயரும் இரண்டு என்ற எண்ணும் ஒட்டியிருக்கிறது. ராத்திரி மாமா அதைத் தன் அலமாரியில் பூட்டிவைக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார்.

அவர் பிடுங்கிக்கொண்டார் என்று நினைக்காதே. பிடுங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வாங்கிய அன்று தையல்காரர் கடை பூட்டியிருந்தது. பையோடு மாடிப்படி ஏறும்போது மாமா பார்த்துவிட்டார். "பையில என்ன மாப்பிள்ளை?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கடைக்குத்தான் வாங்கினேன் மாமா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் மேல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய், உன் ஊருக்கு வரவென்று கட்டிவைத்திருந்த பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள். என்னுடையதையும் சேர்த்துத்தான்.

அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

மோவாய்