ஏழு மீற்றரில் நின்ற கொம்பியூட்டர்

6 மே 2025, செவ்வாய்

கொம்பியூட்டர் வந்துவிட்டது. மேசையில் வைப்பது இல்லை, கடலுக்குள் கையில் கட்டுவது. எத்தனை மீற்றர் ஆழத்தில் நிற்கிறேன், எப்போது மேலே வர வேண்டும், எவ்வளவு மெதுவாக வர வேண்டும், எல்லாம் சொல்லும். அவசரப்பட்டு வந்தால் இரத்தத்தில் குமிழி வைக்கும் என்று யானிக் முதல் வகுப்பிலேயே படம் போட்டுக் காட்டினார். எங்கள் சுழியோடும் கழகத்து ஆசிரியர். அந்தப் படத்தை நான் மனைவிக்குக் காட்டவில்லை.

"இது பிழை சொல்லாதோ?" என்று கேட்டாள் சுபாங்கி.

"மனிசர்தான் பிழை சொல்லுவினம். இது சொல்லாது."

லூயி-பிளாங் தமிழ்க் கடைத்தெருவில் விமான டிக்கெட் விற்கிறவன் இப்படித்தான் பேசுவான். அவளும் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் மார்செய்க் கடலில் சுழியோட விடுகிறாள்.

11 மே, ஞாயிறு

புதுக் காருக்குப் பூசை. புது என்றால் எங்களுக்குப் புது. நிறுத்த இடம் தேடிக் கோயிலையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினேன், அதுவும் கணக்கில் வரட்டும்.

எலுமிச்சம்பழம் நசுங்கி, பொனட்டில் சந்தனமும் குங்குமமும் ஏறி முடிய, சுபாங்கி கைப்பையிலிருந்து என் கொம்பியூட்டரை எடுத்து ஐயரிடம் நீட்டினாள்.

"மணிக்கூடோ பிள்ளை?"

"இல்லை ஐயா, இவரின்ரை உயிர்."

ஐயர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் வைத்தால் இலக்கம் மறையும் என்று பின்பக்கத்தில் தாராளமாக அப்பினார். விவரமான மனிதர்.

வீட்டுக்கு வந்து ஈரத் துணியால் துடைத்தேன். இன்னும் மணக்கிறது.

28 மே, புதன்

நாளை பயணம். நான் கட்டிய பையைச் சுபாங்கி அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

30 மே, மார்செய்

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

இருபது மீற்றருக்குக் கீழே போக எனக்கு அனுமதி இல்லை. இன்று வழிகாட்டும் பொறுப்பை யானிக் எனக்குத் தந்தார். நான் முன்னால், அவர் பின்னால். பாறைச் சுவர் வழியே இறங்கினேன். கொம்பியூட்டர் ஏழு மீற்றர் என்றது. இன்னும் இறங்கினேன். ஏழு. தண்ணீர் கறுத்தது, குளிர்ந்தது, காது அடைத்தது. அப்போதும் ஏழு. ஏழு மீற்றரில் இவ்வளவு இருட்டா என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, கையில் கட்டியிருந்ததைச் சந்தேகிக்கவில்லை. என்ன மனிசனடா நீ? கண் சொல்லுது, காது சொல்லுது, கேக்கேல்லை! சிரிப்பும் வந்தது. அந்த ஆழத்தில் குடித்ததுபோல வெறி ஏறுமாம். யானிக் காற்று உருளையில் தட்டித் தட்டிக் கூப்பிட்டாராம். படகுச் சத்தம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் என் காலைப் பிடித்து இழுத்து, தன் கொம்பியூட்டரை முகத்துக்கு நேரே காட்டினார். முப்பத்தொன்று.

அவருடைய கொம்பியூட்டர் சொன்னபடி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று மேலே வந்தோம். பயத்தில் என் காற்றையெல்லாம் இழுத்து முடித்துவிட்டேன். மிச்சத் தூரம் அவருடைய காற்றில் வந்தேன்.

31 மே

யானிக் என் கொம்பியூட்டரை ஊசியால் குடைந்தார். பின்பக்கத்தில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் தண்ணீர் அழுத்துவதை வைத்துத்தான் ஆழத்தை அளக்கிறதாம். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தார்.

"களிமண்ணா? நல்ல வாசனையாக இருக்கிறதே" என்றார் பிரெஞ்சில்.

"களிமண்தான்" என்றேன்.

1 ஜூன், வீடு

"மெஷின் சரியா வேலை செய்ததோ?"

"ஓம்."

சொன்னால், தானே என்னைக் கொல்லப் பார்த்ததாக ஆயுள் முழுக்க அழுவாள். சொல்லாவிட்டால் அடுத்த பயணத்துக்கும் பூசை வைப்பாள், நான் திரும்பி வரமாட்டேன். என்ன செய்ய?

14 ஜூன், சனி

யானிக்கைச் சாப்பிடக் கூப்பிட்டது என் பிழை. நண்டுக் கறியை வெளுத்துக்கட்டினார். கோயிலுக்குப் போய்வந்த சுபாங்கி, நெற்றியில் சந்தனத்தோடு குனிந்து பரிமாறினாள். அவர் மூக்கை உறிஞ்சினார்.

"தனோஜன், உன் கொம்பியூட்டரின் வாசனை!"

மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். அவர் பாட்டுக்குத் துளை, ஊசி, முப்பத்தொரு மீற்றர் எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். சுபாங்கிக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாக வரும்.

அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

15 ஜூன்

பேசவில்லை.

16 ஜூன்

பேசினாள். சந்தனத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"மெஷின் பிழை சொன்னது விளங்குது. நீங்கள் ஏன் 'ஓம்' எண்டனீங்கள்?"

அழுதாள். நானும் அழுதேன்.

5 ஜூலை, சனி

மறுபடி மார்செய். இந்த முறை யானிக் சொன்னபடி கைக்கு ஒன்றாக இரண்டு கொம்பியூட்டர். இரண்டும் இரண்டு விதமாகச் சொன்னால் மேலே வந்துவிட வேண்டும்.

புறப்படும்போது வாசலில் சுபாங்கி சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். நான் கொம்பியூட்டர் கட்டிய இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

அவள் என் நெற்றியில் வைத்தாள், தாராளமாக.

"இஞ்சை துளை ஒண்டும் இல்லைத்தானே?"

கார்க் கண்ணாடியில் பார்த்தேன். இல்லை.