மூக்குக்குக் கீழே ஒரு கீறல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், வீட்டுக்காரர், அடுத்த வீட்டுத் தையல்காரி, பழைய நாணயம் சேர்க்கும் கடிகாரக் கடைக்காரர். அலமாரியில் சாமி. ஆக ஐந்து பேர்.

தையல்காரி தன் மாமியார் பெட்டியில் கிடைத்த வெள்ளிக் காசைக் கொண்டுவந்தாள். ராஜா தலை போட்டது. விற்றால் மோட்டார் வைத்த புது மெஷின் வாங்கிவிடலாம் என்று கனவு. அதே காசு என்னிடமும் உண்டு. கல்யாணமான வருஷம் வீட்டுக்காரர் சந்தையில் வாங்கிக் கொடுத்தது, சாமி காலடியில் இருக்கிறது. யார் ராஜா காசு கொண்டுவந்தாலும் அதோடு ஒத்துப் பார்த்துத்தான் அசலா போலியா என்று சொல்வேன். தராசில் இரண்டும் ஒரே எடை. காந்தம் இழுக்கவில்லை. "அசல்" என்று சீட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

"நீங்க சொன்னா சரிம்மா. வெள்ளிக்கிழமை பணத்தோட வர்றேன். அதுவரைக்கும் காசு உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் கடிகாரக்காரர்.

"எட்டாவதோட நின்னவ, இப்ப நாணய நிபுணர்" என்றார் வீட்டுக்காரர். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. கடவுளே, மன்னித்துக்கொள்.

மார்ச் 4

துணி துவைத்தேன். மழை. மறுபடி துவைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

அலமாரியைத் துடைக்கும்போது இரண்டு காசையும் அருகருகே வைத்தேன். என் ராஜாவுக்கு மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கீறல், பதினெட்டு வருஷப் பழக்கம். அவள் ராஜாவுக்கும் அதே இடத்தில் — அதே சாய்வில்.

கைமாறிப் போகிற காசு ஒவ்வொன்றும் தன் போக்கில் அடிபடும். இரட்டைப் பிள்ளைகள்கூட ஒரே தழும்போடு பிறப்பதில்லை. அப்படியென்றால்? ஒரே அச்சில் ஊற்றி வார்த்த போலிகள். என் காசின் விளிம்பை நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்தேன். சிவப்பு. உள்ளே செம்பு, மேலே வெள்ளி முலாம்.

பொய்ய வச்சுப் பொய்ய அளந்திருக்கேன். நல்ல நிபுணர்.

சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்? அலமாரில இருக்கறவருக்குத் தெரியுமே.

மார்ச் 6, வெள்ளி

பணத்தோடு வந்த கடிகாரக்காரரிடமும் தையல்காரியிடமும் சொல்லிவிட்டேன். சீட்டைக் கிழித்தேன். தையல்காரி தானே அரத்தை வாங்கித் தன் காசைத் தேய்த்துப் பார்த்தாள்.

"மெஷின் கடைல விலை பேசி முடிச்சுட்டேன்க்கா. சீட்டு எழுதறதுக்கு முன்னாடி பாத்திருக்கக் கூடாதா?"

காசை எடுத்துக்கொண்டு போனாள். நான் போட்டு வைத்த டீ அப்படியே இருந்தது.

வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார்: "சந்தைலதான் ஏமாந்தேன். கல்யாணத்துல ஏமாறல."

மார்ச் 7

அவள் வீட்டு ஜன்னல் சாத்தியே இருக்கிறது. மெஷின் சத்தம் மட்டும் கேட்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

கடிகாரக்காரர் வந்தார். "ஒத்தையா இருந்தா குப்பைம்மா. ஒரே கீறலோட ரெண்டுன்னா நான் வாங்கிக்கறேன். எங்க நாணயச் சங்கத்துல புதுசா சேர்றவங்களுக்கு இத காட்டினா போதும், ஜென்மத்துக்கும் ஏமாற மாட்டாங்க." அவர் சொன்ன விலைக்குப் புது மெஷின் வராது. பழைய மெஷினுக்கு மோட்டார் வரும்.

சாமியிடம் கேட்டேன். காசில்லாமலும் காலடி நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர் கையில் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய சீட்டு, இங்கே ஒரு நகல்:

"தங்கச்சி, போலின்னாலும் ஜோடியா இருந்தா கடிகாரக்காரர் வாங்கிக்கறாராம். என் காசையும் உன் காசோட சேர்த்துத் தர்றேன். வர்றது முழுக்க உனக்கு. இந்தத் தடவ 'போலி'ன்னு எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன். கடிகாரக்காரர் நாளன்னைக்கு ஊருக்குப் போறார். சம்மதமான்னு சீக்கிரம் சொல்லு."